மண்டபம் ஏன் மண்டபம் ஒன்றியத்தில் இல்லை?

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊராட்சி ஒன்றியம் என்று ஒன்று இருக்கிறது. பாம்பனும் தங்கச்சிமடமும் அதற்குள் வருகின்றன. ஆனால் மண்டபம் வராது. பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஊர் ஒரு பேரூராட்சி, பேரூராட்சி எதுவும் ஊராட்சி ஒன்றியத்துக்குள் அடங்காது. ஒன்றியத்துக்குப் பெயர் கொடுத்த ஊரே அதற்கு வெளியே நிற்கிறது.

இதைக் கேட்டால் யாருக்கும் குழப்பம்தான் வரும். தாலுகா, ஒன்றியம், தொகுதி, ஊராட்சி, கிராமம் என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு இன்னொன்றாகப் போட்டுப் பேசியே பழகிவிட்டோம். அதன் பலனும் தெரிந்ததுதான். பட்டா மாற்றத்துக்கு ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு நடப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுப்பார்கள். "இது எங்க வேலை இல்லைங்க" என்ற பதிலோடு திரும்புவார்கள். அந்தப் பதில் பல சமயம் தட்டிக்கழிப்பு, சில சமயம் உண்மை. எப்போது உண்மை என்று தெரிந்துகொள்ள, நாடு தன் நிலத்தை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரே வீடு, பல கணக்கு

நம் பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வரி தலைக்கட்டுக் கணக்கில் வசூலாகிறது. முளைப்பாரி தெருக் கணக்கில் எடுக்கிறார்கள். மண்டகப்படி பங்காளி வகையறாவின் பெயரில் நடக்கிறது. உங்கள் வீடு ஒன்றுதான், ஆனால் மூன்று கணக்கிலும் இருக்கிறது. உங்களோடு ஒரே தெருவில் முளைப்பாரி தூக்குகிறவர் உங்கள் மண்டகப்படியில் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வேலை வேறு என்பதால் பிரிவும் வேறு.

அரசும் இப்படித்தான் செய்கிறது. ஒரே நிலத்தை வரிக்கும் பட்டாவுக்கும் ஒரு விதமாகவும், குடிநீருக்கும் சாலைக்கும் இன்னொரு விதமாகவும், தேர்தலுக்கு வேறொரு விதமாகவும் பிரித்திருக்கிறது. நாடு, மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று எல்லாமே ஒரே ஏணியின் படிகள் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. மாவட்டத்துக்குக் கீழே ஏணி ஒன்று இல்லை, இரண்டு.

கோடு போடும் உரிமை யாருக்கு?

மாநிலங்களை உருவாக்கவும் எல்லையை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. 2014இல் தெலங்கானா அப்படித்தான் பிறந்தது.

மாவட்டம் வேறு கதை. அதைப் பிரிக்க டெல்லியின் அனுமதி தேவையில்லை, மாநில அரசே செய்துகொள்ளும். 2020இல் மயிலாடுதுறை வந்தபோது தமிழ்நாட்டின் மாவட்ட எண்ணிக்கை 38 ஆனது. மாவட்டம் என்பது மாநில அரசு தன் வேலைகளை நடத்த வைத்துக்கொள்ளும் பெரிய அலகு. அதன் தலைமையில் இருக்கும் ஆட்சியர் நியமிக்கப்பட்ட அதிகாரி. அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, தோற்கடிக்கவும் முடியாது. ஆட்சியரை மாவட்டத்தின் முதலமைச்சர் மாதிரி நினைத்துத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசை அவ்வளவு நீளமாக இருப்பதற்குக் கீழே உள்ள அலுவலகங்கள் எதற்கு என்று தெரியாததும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் ஏணி: நிலம்

இது வருவாய்த்துறையின் ஏணி. அடிப்படையில் இது நிலத்தைப் பற்றியது: எந்தத் துண்டு யாருடையது, அதற்கு என்ன தீர்வை, எது அரசுப் புறம்போக்கு.

இதன் கடைசிப் படி வருவாய் கிராமம். நில அளவை செய்து, எல்லை குறித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் புல எண் கொடுத்த பரப்பு அது. மக்கள் அங்கே குடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வெறும் உப்பளமும் உடைமரக் காடும் மட்டும் இருந்தாலும் வருவாய் கிராமமாக இருக்கலாம். இதைப் பார்ப்பவர் கிராம நிர்வாக அலுவலர். 1980 வரை இந்த வேலையைக் கர்ணம், முன்சீப் என்ற பதவிகளில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகு வந்ததுதான் இப்போதுள்ள அரசுப் பணி.

சில வருவாய் கிராமங்கள் சேர்ந்தது பிர்க்கா, அதற்கு வருவாய் ஆய்வாளர். சில பிர்க்காக்கள் சேர்ந்தது வட்டம். தாலுகா என்றே பேசுவோம், அதற்குத் தாசில்தார். சில வட்டங்கள் சேர்ந்தது கோட்டம், அதற்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு கோட்டங்கள். அதற்கு மேல் ஆட்சியர்.

பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாம் இந்த ஏணியில்தான் ஏறி இறங்கும். எந்தப் படியில் கையெழுத்து என்பது மட்டும் மாறும். பழங்குடியினர் சான்று தாசில்தாரோடு முடியாது, கோட்டாட்சியர் வரை போகும்.

வருவாய்த்துறைக்குத் தனி ஆண்டுக் கணக்கும் உண்டு. பசலி என்று பெயர், ஜூலை 1 அன்று தொடங்கும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. ஒவ்வொரு பசலிக் கணக்கையும் சரிபார்க்கத் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வருவதால், ஆண்டுக்கணக்கில் தூங்கிய பட்டா மனுவை எழுப்ப அது நல்ல நேரம்.

இரண்டாவது ஏணி: வாக்கு

இது உள்ளாட்சியின் ஏணி. உள்ளாட்சி என்றால் அந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் உள்ளூர் வேலைகளை நடத்துவது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் இதைக் கட்டாயமாக்கின. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது.

கிராமப்புறத்தில் மூன்று படி: கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. ஊராட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளர் நான்கு ஓட்டுப் போடுவார். வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றிய உறுப்பினருக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு ஒன்று. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்தந்த உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

ஊராட்சியின் வேலை குடிநீர், தெருவிளக்கு, குப்பை, ஊருக்குள் இருக்கும் சாலை, வீட்டு வரி. ஒன்றியத்தில் தேர்வான தலைவர் இருந்தாலும், திட்டப் பணத்தையும் பொறியாளர்களையும் கையில் வைத்திருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. காகிதத்தில் உள்ளாட்சி, நடைமுறையில் பாதி அரசு அலுவலகம். நம் ஊராட்சி முறையில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

நகர்ப்புறத்தில் படிகளே கிடையாது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றும் அளவில்தான் வேறு, ஒன்றின் கீழ் ஒன்று இல்லை. தொண்டி பேரூராட்சி, கீழக்கரை நகராட்சி, ஒவ்வொன்றும் தனி அமைப்பு. அவற்றுக்கு மேலே ஒன்றியமும் இல்லை, மாவட்ட ஊராட்சியும் இல்லை. அதனால்தான் மண்டபம் பேரூராட்சி ஆனதும் மண்டபம் ஒன்றியத்துக்கு வெளியே வந்துவிட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகள் மட்டும் ஒன்றியத்தில் இருக்கின்றன, பழைய பெயரோடு.

இந்த வேறுபாடு பெயர்ப்பலகையோடு நிற்பதில்லை. நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத்திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். ஒரு ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தாலே பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வீட்டு வரியும் கூடும், வேலையும் போகும். 'தரம் உயர்வு' என்று அரசு சொல்வதை அவர்கள் அப்படிப் பார்க்காததில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. ஊராட்சி வேறு, அதன் பிரதிநிதிகள் வேறு. 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. உடனே அடுத்த தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்போது "பஞ்சாயத்தைக் கலைச்சுட்டாங்க" என்று பலர் சொன்னார்கள். எதுவும் கலையவில்லை. எல்லையும் வரியும் கிராம சபையும் இருந்த இடத்தில் இருந்தன, நாற்காலிகள் மட்டும் காலியாயின.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வருவாய் ஏணி நிலத்துக்கு, அதில் இருப்பவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். உள்ளாட்சி ஏணி அன்றாட வசதிகளுக்கு, அதற்குத் தேர்தல் உண்டு. இரண்டும் ஒரே மண்ணின் மேல் நிற்கின்றன, ஆனால் ஒன்றின் கீழ் மற்றொன்று இல்லை. கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சித் தலைவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்ல.

ஒன்பதும் பதினொன்றும்

நம் மாவட்டத்தில் வட்டங்கள் 9, ஊராட்சி ஒன்றியங்கள் 11. இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே சொன்னது எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ராமநாதபுரம், திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், பரமக்குடி, முதுகுளத்தூர், கடலாடி, கமுதி என்ற ஏழு பெயர்கள் இரண்டு பட்டியலிலும் உண்டு. மக்கள் குழம்புவதற்கு முதல் காரணம் இந்த ஏழுதான். பெயர் ஒன்றாக இருப்பதால் பரப்பும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். ராமேஸ்வரம், கீழக்கரை இரண்டும் வட்டங்களாக மட்டும் இருக்கின்றன, அந்தப் பெயரில் ஒன்றியம் இல்லை. இரண்டு ஊரும் நகராட்சி. மண்டபம், திருப்புல்லாணி, போகலூர், நயினார்கோவில் நான்கும் ஒன்றியங்களாக மட்டும் இருக்கின்றன, அந்தப் பெயர்களில் தாலுகா கிடையாது. "திருப்புல்லாணி தாலுகா ஆபீஸ் எங்கே இருக்கு?" என்று கேட்டால் யாராலும் வழி சொல்ல முடியாது.

கீழ்ப்படியிலும் இதே நிலைதான். மாவட்ட நிர்வாகத்தின் கணக்கில் வருவாய் கிராமங்கள் 400, கிராம ஊராட்சிகள் 429. எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை என்றால் எல்லை எப்படி ஒத்துப்போகும்? ஒரு வருவாய் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சி வரலாம். ஒரே ஊராட்சி இரண்டு வருவாய் கிராமங்களின் மேல் படர்ந்திருக்கலாம்.

ஊர் என்று நாம் சொல்வது இந்த இரண்டிலுமே சேராது. கடற்கரையில் ஒரு ஊராட்சிக்குள் நாலைந்து குடியிருப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் தன்னை ஊர் என்றே சொல்லும், தனியாக ஊர்க்கூட்டம் போடும், தலைவர் வைத்துக்கொள்ளும். அதற்கு மரியாதை நிறைய உண்டு, சட்டத்தில் இடம் இல்லை. கிராம சபை அப்படி அல்ல. ஊராட்சியின் வாக்காளர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள், அங்கே போடும் தீர்மானத்துக்குச் சட்டத்தின் இடம் உண்டு.

இரண்டு காகிதங்கள்

சந்தேகம் இருந்தால் வீட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்று பட்டா, இன்னொன்று வீட்டு வரி ரசீது.

பட்டாவின் தலைப்பில் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், பட்டா எண் என்று வரிசையாக இருக்கும். கீழே உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு, புன்செயா நன்செயா, பரப்பு, தீர்வை. ஒன்றியம் என்ற சொல்லே அதில் வராது. வரி ரசீதில் மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி, வரி விதிப்பு எண் என்று போகும். அதில் புல எண்ணைத் தேட வேண்டாம். பாம்பன்காரர் ஒருவரின் பட்டாவில் ராமேஸ்வரம் வட்டம் என்று இருக்கும், அவர் வரி ரசீதில் மண்டபம் ஒன்றியம் என்று இருக்கும். இரண்டில் ஒன்று தப்பு என்று திருத்தக் கிளம்ப வேண்டாம், இரண்டும் சரிதான்.

கடற்கரையில் பலரிடம் இரண்டாவது காகிதம் மட்டுமே இருக்கும். தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள், வீட்டு வரி கட்டுகிறார்கள், மின் இணைப்பு இருக்கிறது, ஆனால் மனை புறம்போக்கு. "வரி கட்டுறோம்ல, இடம் எங்களுதுதானே?" என்பார்கள். ஊராட்சி வாங்குவது கட்டடத்துக்கான வரி, மண்ணுக்கான உரிமை அதில் சேராது. அதை மற்ற ஏணியில்தான் கேட்க வேண்டும்.

தொகுதி, அஞ்சல் எண், இன்ன பிற

தொகுதி நிர்வாக அலகே இல்லை. வாக்காளர் எண்ணிக்கையை ஓரளவு சமமாகப் பங்கிட வரைந்த எல்லை, அவ்வளவுதான். அதை வரைவது தொகுதி மறுவரையறை ஆணையம். கடலாடி வட்டமும் கடலாடி ஒன்றியமும் இன்றும் இருக்கின்றன. கடலாடி சட்டமன்றத் தொகுதி மட்டும் 2008 மறுவரையறையில் போய்விட்டது. ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியை எடுத்தால் இன்னும் வேடிக்கை. புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் அதில் இருக்கின்றன. அறந்தாங்கிக்காரர் எம்.பி.க்கு நம்மோடு ஓட்டுப் போடுவார், பட்டாவுக்குப் புதுக்கோட்டை ஆட்சியரைப் பார்ப்பார்.

1972இல் வந்த அஞ்சல் எண், கடிதம் பிரிக்கும் வசதிக்காக அஞ்சல்துறை போட்ட எல்லை. 623526 என்றால் ராமேஸ்வரம் அஞ்சலகம், அதைத் தவிர அந்த எண் எதையும் தீர்மானிக்காது. காவல் நிலைய எல்லையும் சார்பதிவாளர் அலுவலக எல்லையும் இப்படியே தனித்தனி.

கரை முடிந்த பிறகு

உள்நாட்டு மாவட்டத்துக்காரருக்கு வராத கேள்வி ஒன்று நமக்கு வரும்: கடல் எந்த ஊராட்சி? எதுவும் இல்லை. வருவாய் கிராமத்தின் புல எண்கள் கரையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் வேறு கோடுகள்.

கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர், நாட்டின் ஆட்சிக்கடல். அதற்குள் மீன்பிடியை ஒழுங்குசெய்வது மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. அதனால்தான் விசைப்படகு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பது மாநில மீன்வளத்துறை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கு விட்டு, விசைப்படகு இழுவலையை அதற்கு வெளியே தள்ளியது. இந்தக் கோட்டைக் கடலில் கண்ணால் பார்க்க முடியாது. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் வரும் சண்டைகளில் பாதி இதில்தான். இலங்கையோடு உள்ள எல்லைக்கோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் டெல்லி போட்டது. அதைப் பற்றி ஆட்சியரிடம் கொடுக்கும் மனு மேலே அனுப்பப்படும், அவரால் முடிவெடுக்க முடியாது.

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், குருசடை, மனோலி, முயல் தீவு, அப்பா தீவு என்று தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகள் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயின. அங்கே வனத்துறையின் வரைபடம் பேசும். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று தீவுகளை நான்கு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். இதில் வேம்பார் தூத்துக்குடி மாவட்டத்து ஊர். பவளப்பாறைக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதால் அந்தப் பிரிவும் மாவட்டத்தைப் பார்த்துப் போடப்படவில்லை.

மாவட்டத்தைப் பிரித்தால் என்ன மாறும்?

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து ராமநாதபுரம் மாவட்டம் உருவானது. மேற்கு மலை அடிவாரத்து ஸ்ரீவில்லிபுத்தூரும் கடல் நடுவே இருக்கும் ராமேஸ்வரமும் ஒரே மாவட்டம். அதன் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இருந்தது. மாவட்டத்து மக்கள் தங்கள் ஆட்சியரைப் பார்க்க மாவட்டத்துக்கு வெளியே பஸ் ஏறிப் போனார்கள். 1985 மார்ச்சில் அது மூன்றானது. சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாகப் போயின, வேறு பெயர்களில். ஊர்ப் பெயர்கள் 1997இல் வந்தன.

பிரித்ததில் தூரம் குறைந்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மாவட்டம் பிரித்தாலே வளர்ச்சி வந்துவிடும் என்று மேடையில் பேசுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய மாவட்டத்தில் நிச்சயமாக வருவது ஆட்சியரகம், காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், அவற்றுக்கான பணியிடங்கள். ஊராட்சியின் வருமானமோ தண்ணீரின் உப்போ அதனால் மாறாது.

பிரிக்கும் முறை எளிது. அரசு அறிவித்து, கருத்துக் கேட்டு, எந்தெந்த வருவாய் கிராமங்கள் எந்தப் பக்கம் என்று அரசிதழில் வெளியிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கினால் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எல்லையை மாற்றக் கூடாது என்று தடை வரும். அந்தத் தேதிக்கு முன்னால் அறிவிப்புகள் வேகமாக வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்கள் ஆவணங்களுக்கு எதுவும் ஆகாது. வட்டமோ மாவட்டமோ மாறினால் வருவாய் கிராமம் தன் பெயரோடும் புல எண்களோடும் முழுதாக அந்தப் பக்கம் போகும். 1985க்கு முந்தைய பத்திரத்தில் 'ராமநாதபுரம் மாவட்டம், சிவகங்கை வட்டம்' என்று இருப்பதால் அது செல்லாமல் போவதில்லை. அதைத் திருத்தித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அடுத்த முறை விற்கும்போது புதிய பத்திரத்தில் இப்போதைய மாவட்டத்தின் பெயரை எழுதினால் போதும்.